அசைபோட ஒரு வசனம்

தினம் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து. இப்படிப் படித்தால் வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களும் ஒரே வருஷத்தில் முடிந்துவிடும் என்பது எனக்கு ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக் கொடுத்த கணக்கு. கல்யாணமாகி நாசரேத்துக்கு வந்த பிறகும் அதை நான் விடவில்லை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குப் புறப்படுமுன் கடைசி அதிகாரத்தை முடித்து, பின் அட்டையின் உள்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். அப்படிப் பதினான்கு கோடுகள் இருந்தன. பெண்கள் ஐக்கியத்தில் யாராவது கேட்டால், "பதினாலு தடவை" என்று அடக்கமாகத்தான் சொல்வேன். ஆனால் கேட்காமலும் சொல்லியிருக்கிறேன், சகோதரிகளே!

எப்படிப் படித்தேன் என்று யாரும் கேட்டதில்லை. அடுப்பில் பால் பொங்குகிறதா என்று ஒரு கண், லேவியராகமத்தில் ஒரு கண். வம்ச வரலாறு வந்தால் விரல் தானாக வேகமெடுக்கும். மூன்றாவது அதிகாரம் முடிந்ததும், மாத்திரையை விழுங்கியதுபோல ஒரு நிம்மதி. என்ன படித்தோம் என்று மத்தியானம் கேட்டால் தெரியாது. இத்தனைக்கும் இந்த அதிகாரப் பிரிவெல்லாம் வேதத்தை எழுதியவர்கள் வைத்ததில்லை. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பேராயர் ஒருவர், ஸ்டீபன் லாங்டன், படிப்பவர்களின் வசதிக்காகப் பிரித்தது. யாரோ வசதிக்குப் போட்ட வேலிக் கம்புகளை எண்ணிக்கொண்டே நான் தோட்டத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

2019-ல் எனக்கு வலது கண்ணில் புரை அறுவை நடந்தது. சில வாரங்கள் கண்ணுக்குச் சிரமம் கொடுக்காமல் இருங்கள் என்றார் டாக்டர். இடது கண்ணிலும் புரை இருந்ததால் எழுத்தெல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. கணக்குத் தவறிவிடுமே என்று எனக்கு ஒரே கவலை. கடைசியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தியைப் பிடித்தேன். இங்கிலீஷ் மீடியம் பிள்ளை; பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் அவளுக்கு மலையேறுகிற மாதிரி. ஒவ்வொரு சொல்லாக எழுத்துக் கூட்டி, தப்பினால் வரியின் தொடக்கத்துக்குப் போய், மறுபடியும் படிப்பாள். ஏழு வசனம் தாண்டுவதற்குள், "போதுமா பாட்டி?" என்பாள். மூன்று அதிகாரம் எங்கே, ஏழு வசனம் எங்கே! எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது.

ஆனால் ஒன்று கவனித்தேன். அவள் திணறித் திணறிப் படித்த சொல் என்னைவிட்டுப் போகவில்லை. ராத்திரி படுத்த பிறகும் காதில் நின்றது. மறுநாள் அரிசி களையும்போது அதே சொல் வாய்க்குள் புரண்டது.

கண்ணைக் காட்ட மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வரிசையில் என் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் புரைதான். பேச்சுவாக்கில் பேத்தியின் படிப்பைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க பேத்தி உங்களுக்குக் கத்துக் குடுத்ததுக்கு 1,500 வருஷ வயசும்மா" என்றார். 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கிலேயே இப்படி நிதானமாக வேதம் வாசிப்பதற்கென்று தினமும் நேரம் ஒதுக்கியிருக்கிறாராம். லத்தீனில் 'லெக்சியோ திவினா' என்பார்கள். தெய்வீக வாசிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். 12-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு மலை மடமொன்றின் தலைவராயிருந்த இரண்டாம் குய்கோ என்ற துறவி இதை நாலு படி வைத்த ஏணியாகச் சொன்னார். வாசிப்பது, தியானிப்பது, ஜெபிப்பது, பிறகு பேச்சை நிறுத்திவிட்டு ஆண்டவருடைய சமுகத்தில் சும்மா இருப்பது. அவரே இதைச் சாப்பாட்டுக்கும் ஒப்பிட்டிருக்கிறார். வாசிப்பு, கவளத்தை வாயில் வைப்பது. தியானம், அதை மெல்லுவது. ஜெபம், ருசி தெரியத் தொடங்குவது. நாலாவது, அந்த இனிப்பே. நானோ பதினாலு வருஷமாக மெல்லாமல் விழுங்கியவள்.

வீட்டுக்கு வந்து ஐக்கியத்தில் சொன்னபோது ஒரு அக்கா, "அது அவங்க முறைல்லா? நமக்கெதுக்கு?" என்றார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நான் பிறகு எங்கள் ஐயரிடமே கேட்டேன். முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் தியானிப்பதைச் சொல்கிற இடத்திலுள்ள எபிரெயச் சொல் 'ஹாகா' என்றும், அதற்கு வாய்க்குள் முணுமுணுப்பது என்று அர்த்தம் என்றும் சொன்னார். ஏசாயாவில் புறா முனகுவதற்கும், இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் அதே சொல்தானாம். அப்படியானால் இது சங்கீதக்காரனின் முறை. என் பாட்டியின் முறையும் அதுதான். பாட்டி கல்யாணத்துக்குப் பிறகு எழுத்து கற்றுக்கொண்டது வேதம் படிப்பதற்கு மட்டுமே. ஒரு வசனத்தை விரல் வைத்து ஓதிவிட்டு, நாளெல்லாம் பனைநார்ப் பெட்டி முடையும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். கிழவி தனக்குத்தானே பேசுகிறாள் என்று நாங்கள் கேலி செய்தோம்.

பேத்தி அப்போது லூக்கா சுவிசேஷம் படித்துக்கொண்டிருந்தாள். 15-ஆம் அதிகாரம், கெட்ட குமாரன் கதை. அதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்றுதான் உட்கார்ந்தேன். மூத்தவன் கோபித்துக்கொண்டு உள்ளே வராமல் நிற்கிற இடத்தில் அவள் தடுக்கினாள். மறுபடி தொடங்கினாள், மறுபடி தடுக்கினாள். மூன்றாவது தடவைதான் எனக்குக் கேட்டது. அந்த மூத்தவன் 'என் தம்பி' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தகப்பனைப் பார்த்து, உம்முடைய மகன் என்கிறான். தகப்பனோ பதில் சொல்லும்போது விடாமல், உன் தம்பி என்கிறார்.

இதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரே தங்கச்சி. 2011-ல் அப்பா இறந்தார். அடுத்த வருஷம் பாளையங்கோட்டை வீட்டை அம்மா அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். அம்மாவை வைத்துப் பார்ப்பது அவள்தான். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து ஏழு வருஷம் நான் அவளிடம் பேசவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, நாலு மணிக்குள் திரும்பிவிடுவேன். அம்மாவிடம் அவளைப் பற்றிப் பேச நேர்ந்தால் நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "உங்க மக."

அந்த ராத்திரி தூக்கமில்லை. உடனே மனம் உருகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் சாளை மீனை அலசும்போதெல்லாம் எனக்கு மூத்தவன் மேல்தான் அனுதாபம். அவன் சொன்னதில் என்ன தப்பு? அத்தனை வருஷம் உழைத்தவனுக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கொடுக்கவில்லையே! ஜெபத்தில் ஆண்டவரிடம் வாதாடினேன். எனக்கு மனப்பாடமான ஜெபங்களையெல்லாம்விட அந்தச் சண்டைதான் உண்மையான ஜெபம் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், அதே எட்டு வசனத்தைத்தான் பேத்தியைப் படிக்கச் சொன்னேன். "இதையேவா பாட்டி?" என்று சிணுங்கினாள். நாலாம் நாள் இன்னொன்று கண்ணில் பட்டது. கதை முடியவே இல்லை. மூத்தவன் உள்ளே போனானா, இல்லையா? லூக்கா சொல்லவில்லை. தகப்பன் வெளியே வந்து கெஞ்சுகிறார், அவ்வளவுதான். பதினாலு தடவை படித்த எனக்கு அவன் இன்னும் வாசலிலேயே நிற்கிறான் என்பது தெரியாமல் போயிற்று.

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால், எனக்குப் பழகிய விதத்தைச் சொல்கிறேன். காலையில் காப்பி போடுமுன் கால் மணி நேரம் போதும். பத்து வசனத்துக்கு மேல் வேண்டாம். வாய்விட்டு, காதுக்குக் கேட்கும்படி, இரண்டு தடவை படியுங்கள். ஒரு சொல்லில் மனம் தட்டினால் அங்கேயே நில்லுங்கள். அதைச் சமையலறைக்கும் பஸ்ஸுக்கும் கொண்டு போங்கள். மனம் அலையத்தான் செய்யும். இட்லிக்கு உளுந்து ஊறப்போட்டோமா என்று ஓடும். திட்டாமல் திரும்பக் கூட்டி வரவேண்டும், பிள்ளையைக் கூட்டி வருவதுபோல. ஒன்றுமே ருசிக்காத நாட்கள்தான் அதிகம். வருஷப் பிறப்பில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அந்த மாதிரி நமக்குப் பிடித்த ஒரு வரியை மட்டும் கிள்ளி எடுத்து நம் இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்லக் கூடாது. முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதனால் ரத்த அழுத்தம் இறங்குமா என்று ஒரு சிநேகிதி கேட்டாள். மாத்திரையை நிறுத்தாதே என்றேன்.

அடுத்த சனிக்கிழமை, அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்று தெரிந்தே, பஸ் ஏறினேன். கையில் கொஞ்சம் கருப்பட்டி, அவளுக்குப் பிடிக்கும். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். வீட்டு விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. அதை மறைக்கவும் மனமில்லை, எடுத்த எடுப்பில் அதைப் பேசவும் மனமில்லை. வாசல் திறந்துதான் இருந்தது. படியில் ஏறி நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். கூப்பிட வாய் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ!

உள்ளேயிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். கையில் துடைப்பத் துணி. முடி நரைத்துப் போயிருந்தது. ஏழு வருஷத்தில் அதைக்கூட நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

"அக்கா, செருப்பக் கழட்டிட்டு ஓரமா வா. இப்பத்தான் தரையத் தொடச்சேன்" என்றாள்.