நாலாம் பக்கத்துப் பொன்னி

மாமாவின் அச்சகம் மாயவரம் பட்டமங்கலத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். ஒரு ட்ரெடில் மெஷின், சாய்த்து வைத்த எழுத்து கேஸ்கள், ஒரு ஸ்டூல், அடித்த தாளை உலரப்போட ஒரு கொடி. வேறொன்றும் இல்லை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், மளிகைக் கடை பில் புத்தகம், இவைதான் வரும்படி. பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நேரே அங்கேதான் போவேன். அச்செழுத்தைத் தலைகீழாகவும் இடம் வலம் மாற்றியும் வாசிக்க ஒன்பது வயதுக்குள் கற்றுக்கொண்டுவிட்டேன். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு வேண்டாமல் போன தும்பிக்கை வைத்த 'லை'களும் 'னை'களும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடந்தன. எனக்கு அவைதான் விளையாட்டுச் சாமான்.

1982-ல் மாயவரம் மயிலாடுதுறை ஆயிற்று. ஊர்ப் பெயர் மாறினால் யாருக்கு லாபமோ, மாமாவுக்கு அந்த வருஷம் லாபம். வக்கீல்களின் லெட்டர்பேடு, லாரி ஆபீஸ் ரசீது, ஜவுளிக்கடை பில் என்று எல்லாவற்றையும் புதுப் பெயரில் அடிக்க வேண்டியிருந்தது. நாலைந்து மாதம் ராத்திரி பத்து மணிவரை ட்ரெடில் சத்தம் கேட்டது. அந்தக் காசில் மாமா தனக்கென்று காகிதம் வாங்கினார். அம்மா கோபித்துக்கொண்டாள். "கல்யாணத்துக்குச் சேர்த்து வைக்காம தாளை வாங்கி அடுக்கியிருக்கியேடா" என்று தம்பியைக் கேட்டாள். அவர் சிரித்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

அதற்கு முந்தைய தை மாதம் அவர் கல்லணையில் இறங்கி, காவிரிக் கரையோடு பூம்புகார் வரை நடந்திருந்தார். ஒன்பது நாள். திருவையாறு, கும்பகோணம், குத்தாலம் வழியாக வந்து, மாயவரத்தில் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி படுத்து, காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் கிளம்பிப் போனார். அந்த நடையைத்தான் புத்தகமாக்க நினைத்தார். ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழ'னை அட்டை போட்டு வைத்திருந்தவர் அவர். காந்தி இருக்கும் படச் சுருள்களைத் தேடி அந்த மனிதர் நாடு நாடாக அலைந்ததை எனக்குக் கதையாகச் சொல்வார். "கப்பலுக்கு நம்மகிட்ட காசு இல்லை மாப்ளே, கால் இருக்கு" என்பார்.

அந்தப் புத்தகம் உருவானதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கையெழுத்துப் பிரதி என்று ஒன்று கிடையாது. சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு நோட்டில் ஊர்ப் பெயரும் சில குறிப்பும் இருக்கும். அதைப் பார்த்தபடி எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கை இடக்கையில் பிடித்து நேராக ஈயத்தில் எழுதுவார். நாலு பக்கத்துக்கு மேல் கோக்க அவரிடம் எழுத்து இல்லை. நாலு பக்கம் கோத்து, ஐந்நூறு தாள் அடித்து, எழுத்தை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றாகப் பிரித்து அதனதன் அறையில் போட்ட பிறகுதான் அடுத்த நாலு பக்கம். மொத்தம் அறுபத்து நாலு பக்கம். எட்டாயிரம் தடவை அந்த மெஷினைக் காலால் மிதித்தார். எழுத்தைப் பிரித்துப் போடுவது என் வேலை. 'ன'வை 'ண' அறையில் போட்டுவிட்டால் அடுத்த பக்கத்தில் அது வந்து நிற்கும்.

நாலாம் பக்கம் வரும்போது ஏதாவது ஓர் எழுத்து தீர்ந்துவிடும். பெரும்பாலும் 'ரி'. ஆற்றைப் பற்றிய புத்தகத்தில் 'காவிரி'க்குக் குறைவா? விரல் அறையைத் துழாவும், வெறும் பலகை தட்டுப்படும். மாமா கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு 'பொன்னி' என்று கோப்பார். சில இடத்தில் 'ஆறு', ஓரிடத்தில் 'அவள்'. சொல்லை மாற்றினால் வாக்கியம் ஒத்துவராது. முழு வரியையும் பிரித்து மறுபடி கோப்பார். இப்படி மூன்று தரம் பிரித்த ஒரு வரி எனக்கு நினைவிருக்கிறது. எழுதுவது என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த வரியின் முன்னால் மாமா நின்ற நிற்பைத்தான் சொல்வேன்.

விற்பனை ரயிலில். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு அப்போது மீட்டர்கேஜ் வண்டி ஓடியது. முப்பது கிலோமீட்டர். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று நின்று நின்று போகும். ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பையில் நாற்பது புத்தகத்தோடு ஏறுவோம். விலை மூன்று ரூபாய். மாமா கூவமாட்டார். எதிரில் இருப்பவரிடம் ஊரைக் கேட்பார். அந்த ஊர் புத்தகத்தில் இருந்தால் பக்கத்தைப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். வாசிக்கிறவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகும் குடும்பம் ஒன்று பெட்டி நிறைய இருந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த பெரியவர் ரிட்டயரான தமிழ் வாத்தியார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆக்கூர் வரை வாசித்தார். "ஆத்துக்கு எத்தனை பேர் வச்சிருக்கீங்க தம்பி! காவிரின்னு சொல்லிக்கிட்டே வந்து, பக்கம் முடியற இடத்துல பொன்னின்னு கூப்பிடறீங்களே, மனசு குளுந்துபோச்சு" என்றார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தாம்பூலப் பையில் வைக்க என்று பெரியவர் இருபத்தைந்து பிரதி வாங்கினார். மாமா எழுபத்தைந்து ரூபாயையும் எண்ணாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மிச்சப் புத்தகத்தோடு தரங்கம்பாடி வரை போனோம். ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயத்துக்குள் என்னைக் கூட்டிப்போய் சீகன்பால்கு அடங்கிய இடத்தைக் காட்டினார். 1706-ல் கப்பலில் வந்து, தமிழைக் கற்று, 1715-ல் இதே ஊரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தவர். ஜெர்மனியில் செய்து அனுப்பிய தமிழ் எழுத்து பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், சின்ன எழுத்தை இங்கேயே வார்த்தார்கள். "அவருக்கும் பத்தலை பாரு" என்றார் மாமா. வெளியே வந்து கடலைப் பார்த்தபடி வறுத்த வேர்க்கடலை தின்றோம்.

1986-ல் அந்த ரயிலை நிறுத்தினார்கள். ஆப்செட் வந்ததும் ட்ரெடிலும் போயிற்று. ஈய எழுத்துகளை எடைக்குப் போட்ட அன்று மாமா வீட்டுக்கே வரவில்லை.

நான் இப்போது ஐந்து புத்தகம் எழுதி, நானே பதிப்பித்திருக்கிறேன். பக்கம் வடிவமைப்பது, ஐம்பது ஐம்பதாக அச்சிட்டு வாங்குவது, முகவரி எழுதித் தபாலில் சேர்ப்பது எல்லாம் என் மேஜையிலேயே நடக்கிறது. கையில் காசு சேர்ந்தால் பஸ் ஏறிவிடுவேன். போகிற ஊரில் என்னை வாசிக்கிறவர் ஒருவர் இருந்தால் புத்தகத்தை நேரில் கொடுத்துவிட்டு வருவேன்.

முதல் புத்தகத்துக்கு மெய்ப்பு பார்த்த நண்பர் நாலாம் பக்கத்தில் ஒரு சொல்லை வட்டமிட்டு அனுப்பியிருந்தார். எல்லா இடத்திலும் காவிரி என்று இருக்கிறது, இங்கே மட்டும் ஏன் பொன்னி, மாற்றிவிடலாமா என்று ஓரத்தில் கேட்டிருந்தார். கம்ப்யூட்டரில் 'ரி'க்குப் பஞ்சமே இல்லை. வட்டத்தை அழித்துவிட்டுப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பினேன்.