கல்லில் ஏறிய பெயர்கள்

கோலார் தங்க வயல்காரர்களுக்கு மலை என்றால் சயனைடு மேடுதான். பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு கொட்டிய கழிவு மண் அது. 3 கோடி டன்னுக்கு மேல் இருக்கும். காற்றுக் காலத்தில் அந்தப் புழுதி தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் புகுந்து சோற்றுப் பானை மூடிவரை படியும். கோலாருக்கு வருமுன், 1890இலேயே அந்தச் சயனைடு முறையைக் கையாண்டவை தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் சுரங்கங்கள். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து கிளம்பிய சுரங்கக்காரர்கள் இரண்டு ஊருக்குமே பிழைக்கப் போனார்கள். இங்கே இறந்தவர்கள் தங்க வயலின் பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்கள்.

அந்த ஜோகன்னஸ்பர்க்கை மையமாக வைத்துத்தான் 1899 அக்டோபரில் போயர் யுத்தம் மூண்டது. பிரிட்டிஷார் வேறு காரணங்களும் சொன்னார்கள். மண்ணுக்கடியில் தங்கம் இல்லையென்றால் அந்தப் போர் வந்தே இருக்காது என்பது என் எண்ணம். எதிர்த்து நின்ற போயர்கள் டச்சு வழிவந்த குடியேறிகள்; பிடிபட்டவர்களைக் கப்பலேற்றிக் கடல் கடத்தினார்கள். இந்தியாவுக்குச் சுமார் 9,000 பேர் வந்தார்கள். திருச்சி, பெல்லாரி, நீலகிரியின் கேத்தி எல்லாம் அன்று கைதி முகாம்கள். இலங்கைக்குச் சுமார் 5,000 பேர். அவர்களில் பெரும்பாலோரை வைத்திருந்த இடம் தியத்தலாவை.

அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. கொழும்பிலிருந்து பதுளை போகும் ரயிலில் அப்புத்தளைக்கு அடுத்த நிலையம். தேயிலைச் சரிவுகளில் லயன் வீடுகள் வரிசையாகத் தெரிந்ததும் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் ஞாபகம் வந்துவிட்டது. அதே நீளக் கூரை, அதே ஒற்றை வாசல். இறங்கி, ராணுவ ஊருக்கே உரிய சுத்தமான சாலையில் நடந்தேன். 1900 ஆகஸ்டில் தகரக் கொட்டகைகளும் முள்கம்பி வேலியுமாகத் தொடங்கிய முகாம், கைதிகள் போன பிறகும் ராணுவத்தின் கையிலேயே இருந்தது. இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மானியர்களை இங்கே அடைத்தார்கள். ஞானதிலோகர் என்ற பௌத்தத் துறவியும் அவர்களில் ஒருவர்.

போயர் கைதிகள் இங்கே மரத்தில் பெட்டியும் கைத்தடியும் செதுக்கி விற்றார்கள், இதழ்கூட நடத்தினார்கள். தப்பிக்கவும் பார்த்தார்கள். 1901 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கைதிக் கப்பலிலிருந்து ஐந்து பேர் இருட்டில் கடலில் இறங்கி, ரஷ்யக் கப்பலான கெர்சனுக்கு நீந்திப் போய் ஏறிக்கொண்டார்கள். ரஷ்யா, ஜெர்மனி என்று பாதி உலகம் சுற்றி மறுபடி போர்க்களத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். 1902இல் சமாதானம் ஆனபின், பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால்தான் ஊர் திரும்பலாம் என்றார்கள். எங்கல்பிரெக்ட் என்பவர் மாட்டேன் என்று இலங்கையிலேயே நின்றுவிட்டார். பின்னாளில் யால வனத்தின் முதல் காவலர் அவர்தான். முதல் உலகப் போரில், சென்னை மீது குண்டு போட்ட எம்டன் கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற சந்தேகத்தில் அவரைச் சிறையிலும் வைத்தார்கள். 1922இல் அம்பாந்தோட்டையில் இறந்தார்.

முகாமில் குடற்காய்ச்சல் பரவி மாண்டவர்கள் பலர். அவர்கள் நினைவாக நிற்கும் கல்லில் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் படித்தேன். வாயில் நுழையாத பெயர்கள்தான், இருந்தாலும் ஒவ்வொன்றும் ஒரு வீட்டுப் பிள்ளையின் பெயர். ஜெயித்தவர்கள் மண்ணில் தோற்றவர்களுக்குக் கல் நிற்கிறது. அது நியாயம்.

ஆனால் நெஞ்சு பொறுக்கவில்லை. தமிழரையும் கறுப்பரையும் மனிதராக மதிக்காத குடியரசுக்காகப் போரிட்டவர்களுக்குப் பெயர் இருக்கிறது. அதே போரில் பிரிட்டிஷ் தரப்பில் இருந்த காந்தியின் ஆம்புலன்ஸ் படையில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தவர்கள் சுமார் 1,100 பேர். பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகளான அவர்களில் தமிழர் எத்தனையோ பேர். அவர்கள் பெயர்களை யார் சொல்கிறார்கள்? போர் முடிந்த அடுத்த மாதம், 1902 ஜூனில், சிவசமுத்திரத்திலிருந்து தங்க வயலுக்கு மின்சாரம் வந்தது. அந்த வெளிச்சத்துக்கடியில் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்கள் குழிக்குள் இறங்கினார்கள். ஏர் பிளாஸ்டில் பாறை வெடித்து நசுங்கினார்கள், கல்தூசி நுரையீரலில் படிந்து இருமி இருமிச் செத்தார்கள். 1930இல் அவர்களுடைய கைரேகையைப் பதிய வேண்டும் என்று சுரங்கக் கம்பெனி கிளம்பி, அதனாலேயே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ரேகைவரை கேட்டவர்கள் பெயரைக் கல்லில் வைக்கவில்லை.

தங்க வயலில் 1946 நவம்பர் 4 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலியான ஆறு தொழிலாளர்களை ஊர் மறக்கவில்லை. சுரங்கம் கொன்றவர்களுக்கும் அந்த மரியாதை வேண்டும். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியாயிற்று. பதிவேடுகள் செல்லரிக்கும் முன் அந்தப் பெயர்களை எடுத்து ஒரு கல்லில் பொறிக்க வேண்டியது அரசின் கடமை. அதுவரை தங்க வயல் குடும்பங்கள் ஒன்று செய்யலாம். உங்கள் பாட்டன் பெயர், அவர் இறங்கிய ஷாஃப்ட், இறந்த வருடம், இந்த மூன்றையும் இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.