இரவல் பெயர்

சாயபோன் மூன்ஸ்ரீ என்ற பெயரைக் குத்துச்சண்டை ரசிகர்களிலேயே பலர் அறிந்திரார். தாய்லாந்தில் வீரர்கள் தம் பயிற்சிக்கூடத்தின் அல்லது புரவலரின் பெயரைத் தாங்கி மேடையேறுவது வழக்கம். அவரும் வான்ஹெங் மெனயோத்தின் என்றே அறியப்பட்டார். எடைப்பிரிவுகளுள் மிகச் சிறியதான 47.6 கிலோ பிரிவில், 2014 நவம்பரில் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சிலின் பட்டத்தை வென்றார். 2018 ஆகஸ்டில் பெற்ற 51ஆவது வெற்றி, தோல்வியே காணாமல் 50 வெற்றிகளுடன் ஓய்வுபெற்ற ஃபிளாய்ட் மேவெதரின் கணக்கைக் கடந்தது.

மேவெதர் ஒரே இரவில் கோடிக்கணக்கான டாலர் ஈட்டியவர். வான்ஹெங்கோ தாய்லாந்தின் மாகாண நகரங்களில் பட்டத்தைக் காத்தவர். அவருடைய எதிராளிகளின் தரம் குறித்து எழுந்த ஐயத்தைப் புறந்தள்ள இயலாது. ஆனால் ஐயம் எழுமுன்பே, அவர் எந்த எடையில், எந்த நாட்டில், எத்தகைய சந்தைக்காக மோதினார் என்பதே அவ்வெண்ணின் மதிப்பைக் குறைத்திருந்தது.

54 வெற்றிகளுக்குப் பின், 2020 நவம்பர் 27 அன்று, நக்கோன் சவானில் சக நாட்டவரான பன்யா பிரதாப்ஸ்ரீயிடம் தோற்றார். மூன்று நடுவர்களும் 115-113 என்றே புள்ளியிட்டிருந்தனர். உலகச் செய்திகளில் அவர் ‘மேவெதரை முந்தியவர்’ என்றே அறிமுகமானார். மேடையில் புரவலர் பெயர். வரலாற்றில் மேவெதர் பெயர். சாயபோன் மூன்ஸ்ரீக்கு எஞ்சியது எது?