அடுப்பில் வெந்த காசுகள்

ஒரு ரூபாய் நாணயம் துருப்பிடிக்காத எஃகால் ஆனது. அதை இடுக்கியில் பிடித்துச் சமையலறைத் தீயில் காட்டினால் சற்று நேரத்தில் வைக்கோல் நிறம் கொள்ளும். பிறகு செம்பழுப்பு, ஊதா, அதன்பின் நீலம். 300 பாகை செல்சியஸுக்கு அருகே மஞ்சள் தொடங்கும். நல்ல நீலத்துக்கு 500ஐத் தாண்ட வேண்டும். விடுதி மாணவர்கள் இதைச் செய்து பார்ப்பதுண்டு. பொன்னிறத்தோடு நிறுத்தத் தெரிந்தவனுக்கு அறையில் தனி மதிப்பு. சாயம் எதுவும் ஏறுவதில்லை என்பதுதான் இதில் விந்தை. சூட்டில் உலோகத்தின்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் படிகிறது. அதன் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் திரும்பும் ஒளிகள் கலந்து, சில நிறங்களை அழித்துச் சிலவற்றை மிகுவிக்கின்றன. மழைநீரில் மிதக்கும் எண்ணெயிலும் சோப்புக் குமிழியிலும் நாம் காண்பது இதே வித்தைதான். உளிக்குப் பதம் ஏற்றும் கொல்லர் இந்த நிற வரிசையைக் கண்ணாலேயே அளந்துவிடுவார்.

வெள்ளி இவ்வளவு எளிதில் வசப்படாது. வெறும் சூட்டுக்கு அது நிறம் காட்டுவதில்லை. அதற்குக் கந்தகம் வேண்டும். காற்றிலோ காகிதத்திலோ உணவிலோ இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகப் படியும்போது முதலில் மஞ்சள், பிறகு சிவந்த ஊதா, பிறகு நீலம் என்று நிறங்கள் வந்து, கடைசியில் எல்லாம் கருமையில் முடியும். சூடு அந்த வேலையை விரைவுபடுத்தும், அவ்வளவே. ஐம்பது ஆண்டுகளில் நடக்க வேண்டியதை ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். இவற்றையெல்லாம் நான் கற்றுக்கொள்ளக் காரணம் என் தம்பி.

அம்மாவின் திருமணத்தின்போது பாட்டி கொடுத்தவை பதினொரு வெள்ளி ரூபாய்கள். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டவை. எல்லாம் 1918ஆம் ஆண்டுக் காசுகள். ஒவ்வொன்றும் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. (இதே அரசரின் 1911ஆம் ஆண்டுக் காசில், அவர் அணிந்த சங்கிலியிலிருந்த யானை பன்றிபோல் தெரிகிறதென்று எதிர்ப்பு எழுந்து, அது திரும்பப் பெறப்பட்டது. அம்மா அந்தக் கதையை அறிந்திருந்தால் மிகவும் ரசித்திருப்பார்.) பத்துக் காசுகள் பூஜை அலமாரியில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் இருந்தன. ஆடி வெள்ளிக்கும் தை வெள்ளிக்கும் அவற்றை எடுத்து விபூதி போட்டுத் தேய்த்து, துணியால் ஒற்றி, மஞ்சள் குங்குமம் இடுவார். பதினோராவது காசு பெருங்காய டப்பாவுக்குள் கிடந்தது. "வீட்டுல எல்லாம் போனாலும் ஒண்ணாவது மிஞ்சட்டும்" என்பது அவர் கணக்கு. பிறகு அதை அவரே மறந்துபோனார் என்று நினைக்கிறேன்.

அம்மா மறைந்தபின் சமையலறையை ஒழித்தபோது அது கிடைத்தது. பெருங்காயத்தின் வாடையே கந்தகச் சேர்மங்களின் வாடைதான். கட்டிப் பெருங்காயத்தை ஒட்டிக் கிடந்த விளிம்பு கருநீலமாகவும், நடுப்பகுதி மாதுளம் முத்தின் சிவப்பாகவும், தள்ளியிருந்த விளிம்பு இளமஞ்சளாகவும் மாறியிருந்தது. அரசரின் கன்னத்தில் மயில் கழுத்தின் நிறம். நான் பார்த்த மிக அழகான பொருள்களில் அது ஒன்று.

நம் வீடுகளில் வெள்ளி கறுத்தால் அது வீட்டுக்காரியின் சோம்பலுக்குச் சாட்சி. அமெரிக்க நாணயச் சேகரிப்பாளர்களின் உலகத்திலோ அதற்கென்றே தனி ரசனை உண்டு. 1878 முதல் 1904 வரையிலும் பிறகு 1921இலும் அச்சான மார்கன் வெள்ளி டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டப்பட்டு அரசுக் கருவூலங்களில் பல பத்தாண்டுகள் உறங்கின. 1960களின் தொடக்கத்தில் அவை வெளியே வந்தபோது, பைத்துணியை ஒட்டிக் கிடந்த காசுகள் சிலவற்றில் வானவில் படிந்திருந்தது. அத்தகைய காசுகளுக்கு வெறும் வெள்ளைக் காசைவிடப் பல மடங்கு விலை தருகிறார்கள். விலை வந்த இடத்துக்கு அடுப்பும் வந்தது. கந்தகம் கலந்த காகிதத்தில் சுற்றி ஓவனில் வாட்டுவது, உருளைக்கிழங்குக்குள் செருகிச் சுடுவது, வேகவைத்த முட்டையோடு மூடிவைப்பது என்று முறைகள் பல. தரச்சான்று தரும் நிறுவனங்கள் சில, ஐயத்துக்குரிய காசுக்குத் தரம் வழங்க மறுத்து, 'கேள்விக்குரிய நிறம்' என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புகின்றன. பொய்யான நிறம் என்று அவர்கள் எழுதுவதில்லை. கேள்விக்குரியது என்று மட்டுமே சொல்கிறார்கள். இந்தச் சொல்லடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

தம்பி பெருங்காய டப்பாக் காசின் படத்தை இணையத்தில் இட்டான். ஒருவர் வெள்ளி விலையைப்போல நான்கு மடங்கு தர முன்வந்தார். தம்பிக்கு அப்போது மகளின் கல்லூரிக் கட்டணம் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. மீதிப் பத்தையும் முட்டை மஞ்சள் கருவோடு பெட்டியிலிட்டு ஓவனின் இளஞ்சூட்டில் வைத்தான். முதல் தவணையில் மூன்று காசுகள் கரியாகிவிட, கழுவித் துடைத்து மறுபடி வைத்தான். ஒரே வாரத்தில் பத்தும் நீலமும் ஊதாவுமாக மின்னின. என்னிடம் வந்து, "அக்கா, நீ தமிழ் படிச்சவ. அம்மா, பெருங்காய டப்பா, அம்பது வருஷம்னு நாலு வரி உருக்கமா எழுதிக் குடு" என்றான்.

முடியாது என்றேன். அவன் கேட்ட கேள்வி நியாயமானது. "பெருங்காயத்துல இருக்கிறதும் கந்தகம், முட்டையில இருக்கிறதும் கந்தகம். படியறது ஒரே சல்பைடு. அப்புறம் எது பொய்?" வேதியியலில் அவனுக்குப் பதில் கிடையாது. சோதனைச் சாலையில் படலத்தைச் சுரண்டி வைத்தால் இரண்டும் ஒன்றுதான்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. பதினெண்கீழ்க்கணக்கின் பதினெட்டாவது நூல் எது என்ற வழக்கில் 'இன்னிலை' என்ற நூலை வ.உ. சிதம்பரம் பிள்ளை 1917இல் பதிப்பித்தார். நல்லெண்ணத்தோடுதான் பதிப்பித்தார். பின்வந்த ஆய்வாளர்கள் அது பிற்காலத்தில் புனையப்பட்டது என்று ஒதுக்கி, 'கைந்நிலை'யை அந்த இடத்தில் வைத்தார்கள். இன்னிலையின் வெண்பாக்களும் வெண்பாக்களே. சீரும் தளையும் கொண்டவையே. தன் பெயரிலேயே வெளிவந்திருந்தால் அதை எழுதியவரை ஒரு மரபுக் கவிஞர் என்றாவது சொல்லியிருப்போம். பழமை என்ற படலத்தை ஏற்றிக்கொண்டதால் கவிஞர் என்ற பெயரும் கிடைக்கவில்லை. தம்பியிடம் இதைச் சொன்னேன். "உங்க பாட்டுக்கு யாரு ஃபீஸ் கட்டச் சொன்னா?" என்றான். அதற்கு என்னிடம் பதிலில்லை.

ஆனால் என்னை உறுத்தியது, வாங்குபவர் ஏமாறுவார் என்பது மட்டுமன்று. பெருங்காய டப்பாவிலிருந்த காசின் நிறம் அம்மாவின் மறதியில் விளைந்தது. அவர் கையால் உருவானது மற்றப் பத்தின் வெண்மைதான். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், ஆண்டுக்கு இருமுறை, கட்டைவிரலால் விபூதி அழுத்தித் தேய்த்துத் தேய்த்து அரசரின் தாடி மழுங்கி, மகுடத்தின் வேலைப்பாடு கரைந்திருந்தது. ஒவ்வொரு தேய்ப்பிலும் இம்மியளவு வெள்ளி அவர் விரலோடு போயிருக்கும். சேகரிப்பாளர் கண்ணுக்கு அவை கெட்டுப்போன காசுகள். அவர் மறந்த காசைப்போல ஆக்குவதற்காக அவர் நினைவில் வைத்திருந்த காசுகளை அடுப்பிலிடுவது எனக்குத் தாங்கவில்லை. இதைத் தம்பியிடம் சொல்லவில்லை. கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கியவனிடம் சொல்லக்கூடிய வாக்கியமன்று அது.

என் நான்கு வரி இல்லாமலே பத்துக் காசுகளின் படங்களையும் அவன் அனுப்பினான். அந்த மனிதர் இரண்டு நாள் கழித்து மறுமொழி எழுதினார். தானாக நிறமேறிய காசில் எழுத்துகளின் ஓரத்தில் நிறம் தயங்கி நிற்கும், இவற்றில் மேடு பள்ளம் பாராமல் பரவியிருக்கிறது என்றார். அதைவிட முக்கியமாக, நிறத்துக்கு அடியில் வட்டவட்டமாக நுண்ணிய கீறல்கள் தெரிகின்றன, யாரோ பல காலம் பொடி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். டப்பாக் காசை மட்டும் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டார். கட்டணத்துக்கு அது போதவில்லை. என் வளையல்களை அடகு வைத்தோம்.

பத்தில் ஐந்தைத் தம்பி என்னிடம் கொடுத்துவிட்டான். சென்ற தை வெள்ளியன்று விபூதி தொட்டுத் தேய்த்தேன். நீலம் கருஞ்சேறாக விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்று காசுகள் வெளுத்தன. மற்ற இரண்டை என் மகள் பிடுங்கிக்கொண்டாள். அந்த நிறம் அவளுக்குப் பிடித்திருக்கிறதாம்.