அடிக்குறிப்பாக ஓர் இணைப்பு

ஜி.டி. நாயுடு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டி இயந்திரம் பயின்ற மண் கோவை. 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் ஒன்றை அப்பா எங்களிடம் விட்டுச்சென்றார். அதில் கைப்பேசிக்கு ஒரு சார்ஜர் வேண்டியிருந்தது. “டேஷ்போர்டுல ஓட்டை போட்டாத்தானுங்க நிக்கும்” என்றார் உக்கடத்துக் கடைக்காரர். நாங்கள் இசையவில்லை.

பலகையின் அடிவிளிம்பில் ஒரு தகட்டுப் பிடிப்பை இறுக்கினோம். சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் பாயும் கம்பியிலிருந்து, தனி ஃபியூஸ் வழியாக இணைப்பெடுத்தோம். வண்டி நிற்கையில் பேட்டரி வடியாது. 12 வோல்ட்டை 5 ஆகக் குறைப்பதைச் சார்ஜரே பார்த்துக்கொள்ளும்.

உ.வே.சா. தம் பதிப்புகளில் பிரதிபேதங்களை அடிக்குறிப்பாகவே தந்தார். பழையதைப் புழங்குவோர்க்கும் அவ்வடக்கம் வேண்டும். எங்கள் பிள்ளைகள் வேண்டாமென்றால் இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் போதும். அப்பாவின் விரல்பட்டுத் தேய்ந்த பொத்தான்கள் அவர்களுக்கும் அப்படியே கிடைக்கும்.