பம்பைப் பழுதாக்கியது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பெற்றோல் வாட்டர் பம்ப் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள், பிரயோசனப்படும். பம்ப் இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இரண்டு பேருமே ஆசிரியர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வளவுக்குள் இருக்கும் சின்னத் தோட்டம்தான் எங்களுக்கு ஆறுதல். கொச்சிக்காய், கத்தரி, பயற்றை, வேலி ஓரமாக ஐந்தாறு தென்னங்கன்று. நமது பக்கம் மணல் மண். கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டால் காலையில் ஊற்றிய தண்ணீர் பகலுக்குள் காணாமல் போய்விடும். அதனால்தான் நாலு வருடத்துக்கு முன் 2 அங்குல பம்ப் ஒன்று வாங்கினோம். 163 சீசீ, 5.5 குதிரை வலு, ஃபோர் ஸ்ட்ரோக். ஊரில் பல வளவுகளில் இருக்கும் அதே மாதிரிதான்.

பக்கத்து வளவு ராத்தாவின் மகன் எங்களிடம் படித்த பிள்ளை. ஓ.எல். எழுதிவிட்டு இப்போது மேசன் வேலைக்குப் போகிறான். போன ஏப்ரலில் வீட்டுக் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யவேண்டும் என்று பம்பைக் கேட்டு வந்தான். கொடுத்தோம். அரை மணித்தியாலத்தில் கைவண்டியில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"சேர், ஸ்டார்ட் பண்ணின உடனே வெள்ளப் புகையாத் தள்ளுது. ஒயிலும் வடியுது. அதான் நிப்பாட்டிட்டன்."

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "குடுக்கக்குள்ள நல்லாத்தானே இரிந்திச்சி தம்பி? டூ டீ ஒயில் கலந்து ஊத்தினீங்களா?"

எழுத்தில் பார்த்தால் அது ஒரு சாதாரணக் கேள்வி. கேட்ட குரல் அப்படி இருக்கவில்லை. அவன் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு எங்கள் கடப்பால் வரவேயில்லை.

அடுத்த நாள் வேறு வேலையாக வந்த ஒரு மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "ரிங் போயிட்டு சேர், இன்ஜினைப் பிரிக்கோணும், ஒரு 18,000 போகும்" என்றார். அந்தச் செய்தி எப்படியோ பக்கத்து வளவுக்கும் போய்விட்டது. பின்னேரம் ராத்தா வந்து 2,000 ரூபாவை மேசையில் வைத்தார். "மிச்சத்த மாசம் மாசம் தாறன் டீச்சர்" என்றார். வேண்டாம் என்று சொன்னோம். ஆனால் "உங்கட மகன்ல பிழையில்ல" என்று மட்டும் எங்கள் வாயில் வரவில்லை. காசை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த இரவு எங்களுக்குத் தூக்கம் சரியாக இல்லை. கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்த ஒரு விஷயம் உண்டு. பிள்ளை பிழையான விடை எழுதினால், சிவப்புப் பேனையால் வெட்டுவதற்கு முதல் எந்தப் படியில் பிழைத்தது என்று பார். நாங்கள் படியைப் பார்க்கவேயில்லை, நேராகப் பிள்ளையை வெட்டிவிட்டோம். சரி, இப்போதாவது பார்ப்போம் என்று அந்தக் கிழமை முடிவில் இறங்கினோம்.

முதலில் புகையின் நிறம். கறுப்புப் புகை என்றால் பெற்றோல் அதிகமாகப் போகிறது: சோக் மூடியிருக்கும், அல்லது எயார் ஃபில்டர் அடைத்திருக்கும். வெள்ளையில் இலேசான நீலம் கலந்து வந்தால் ஒயில் எரிகிறது. எங்களுடையது இரண்டாவது.

அடுத்தது, ஒயில் எங்கிருந்து வருகிறது? வடிந்து கீழே நிற்கும் இடத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அது தொடங்கும் இடத்தைப் பார்க்கவேண்டும். இன்ஜினின் வெளிப்பக்கத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வெண்கட்டித் தூளைத் தூவினோம். வாத்தியார் வீட்டில் அதற்கா பஞ்சம்? ஸ்டார்ட் பண்ணாமல் இரவு முழுக்க அப்படியே விட்டோம். காலையில் பார்த்தால், வெள்ளைத் தூளில் ஈரக் கோடு ஒன்று எயார் ஃபில்டர் பெட்டியிலிருந்து கீழே இறங்கியிருந்தது. கீழே சீல் இருக்கும் இடத்தில் தூள் தூளாகவே இருந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே பஞ்சு ஒயிலில் ஊறிக் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் முதலிலேயே செய்திருக்கவேண்டிய வேலையைச் செய்தோம். பம்பை மட்டமான சீமெந்துத் தரையில் வைத்து ஒயில் மூடியைக் கழற்றினோம். கழற்றியதும் ஒயில் தானாக வெளியே ஊற்றியது! மட்டமாக வைத்தால் அது துவாரத்தின் விளிம்பு வரை நிற்கவேண்டுமே தவிர வழியக்கூடாது. இந்த அளவு இன்ஜினுக்கு ஒயில் 600 மில்லிலீற்றர் அளவுதான். முழுவதையும் வடித்து அளவுப் போத்தலில் ஊற்றினோம். 1 லீற்றருக்குக் கிட்ட வந்தது. தண்ணீர் மாதிரி இளகி இருந்தது, பெற்றோல் மணத்தது.

இங்கேதான் எங்களுக்குப் பொறி தட்டியது. ரிங் தேய்ந்தால் ஒயில் எரிந்து குறையவேண்டும். எங்கள் இன்ஜினில் ஒயில் கூடியிருக்கிறது. ஒயில் குட்டி போடாதே. அப்படியென்றால் கூடியது பெற்றோல்.

அது வந்த வழி இதுதான். டேங்க் மேலே, காபரேட்டர் கீழே. காபரேட்டருக்குள் ஒரு மிதவை இருக்கும். பெற்றோல் நிரம்பியதும் மிதவை எழும்பி ஒரு சின்ன ஊசியை மேலே தள்ளி வழியை அடைக்கும். அந்த ஊசியின் நுனி தேய்ந்தாலோ, பழைய பெற்றோலின் பிசின் பிடித்தாலோ வழி முழுதாக அடைபடாது. டெப் திறந்திருந்தால் பெற்றோல் சொட்டுச் சொட்டாக இறங்கி, காபரேட்டர் நிரம்பி, சிலிண்டருக்குள் போய், ரிங் இடுக்கால் ஒயில் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேரும். ஒயில் இளகி மட்டமும் உயர்ந்துவிட்டால், இன்ஜின் ஓடும்போது மூச்சு விடும் குழாயால் அது எயார் ஃபில்டருக்குள் தள்ளப்படும். அதை இன்ஜின் திரும்ப உறிஞ்சி எரிக்கும். அதுதான் புகை. பெட்டி நிரம்பி வெளியே வருவதுதான் வடிவு.

காபரேட்டரின் கீழ்க் கிண்ணத்தைக் கழற்றி, மிதவையை விரலால் உயர்த்திப் பிடித்துப் பார்த்தோம். நிற்கவேண்டிய பெற்றோல் நிற்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு துளியாகச் சொட்டியது. அந்த வேகத்தில் 400 மில்லிலீற்றர் இறங்க அரை மணித்தியாலம் போதாது. நாள் கணக்காக வேண்டும்.

அப்போது எங்களுக்கு டிசம்பர் ஞாபகம் வந்தது. மழை வெள்ளம் வளவுக்குள் நின்றபோது இரவில் பம்ப் போட்டு இறைத்தோம். திரும்பவும் மழை வரும் என்று டேங்கை நிரப்பி, நனைந்த உடுப்போடு பம்பைக் கொட்டிலுக்குள் தள்ளிவிட்டு வந்தோம். பிறகு அதைத் தொடவேயில்லை. அந்தப் பிள்ளை கொண்டுபோகும்போது டேங்கில் பாதிகூட இல்லை. தன் காசுக்குத்தான் பெற்றோல் வாங்கி ஊற்றினான். குறைந்த பெற்றோல் எங்கே போனது என்று அப்போது எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் விளங்கியது. இளகிப்போன ஒயிலோடு அவன் அந்தக் கிணறு முழுவதையும் இறைத்திருந்தால் உள்ளே கனெக்டிங் ரொட் பிடித்து உடைந்திருக்கும், இன்ஜின் அதோடு முடிந்திருக்கும். புகையைக் கண்ட உடனே நிப்பாட்டியதால்தான் பம்ப் தப்பியது. பம்பைக் காப்பாற்றியவனைத்தான் நாங்கள் விசாரித்திருக்கிறோம்.

புது ஊசியும் கஸ்கட்டும் வாங்கிப் போட்டோம். கிண்ணத்தைக் கழுவினோம். பஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிப் பிழிந்து காயவைத்தோம். சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிக் கயிற்றை நாலைந்து தடவை இழுத்துச் சிலிண்டருக்குள் நின்றதை வெளியேற்றினோம். புது ஒயில் 600 மில்லிலீற்றர் ஊற்றினோம். எல்லாம் 3,000 ரூபாவுக்குள் முடிந்தது. ஸ்டார்ட் பண்ணியதும் திரும்பவும் புகை! பயந்துவிட்டோம். அது சைலன்சருக்குள் தங்கியிருந்த பழைய ஒயில். பத்து நிமிடத்தில் எரிந்து முடிந்து புகை நின்றது. அல்ஹம்துலில்லாஹ். சில மணித்தியாலம் ஓடிய பிறகு மிச்சப் பெற்றோலும் போகட்டும் என்று ஒயிலை இன்னொரு முறை மாற்றினோம்.

அன்று மஃரிபுக்குப் பிறகு இரண்டு பேரும் அந்த 2,000 ரூபாவை எடுத்துக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போனோம். ராத்தா கதிரை போட்டார். அவனும் வந்து நின்றான். பிழை எங்களுடையது, டெப்பை மூடாமல் விட்டது நாங்கள், எங்களை மன்னித்துக்கொள் தம்பி என்று சொன்னோம்.

"தெரியும் சேர்" என்றான். "நான் திறக்கப் போகக்குள்ளயே டெப் திறந்துதான் இரிந்திச்சி."

"அப்ப ஏன் மகன் அன்டைக்கே சொல்லல்ல?"

அவன் உம்மாவைப் பார்த்தான். "நீங்க எங்கட சேரும் டீச்சரும். உங்கட பிழைய நான் எப்பிடிச் சொல்ற?"

எங்களுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக வகுப்பில், பயமில்லாமல் கேளுங்கள், பிழையென்றால் சொல்லுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். எங்களிடமே படித்த ஒருவன் எங்கள் முன்னால் வாய் திறக்கப் பயந்து, தன் உம்மாவின் காசை எங்கள் மேசைக்கு வரவிட்டிருக்கிறான். ஒருவர் மீது கெட்ட எண்ணம் கொள்ளாதீர்கள் என்று ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருப்போம்! ஒயில் மூடியைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நாங்கள் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

பம்ப் வைத்திருப்பவர்களுக்குச் சில விஷயங்கள்:

வேலை முடிந்ததும் பெற்றோல் டெப்பை மூடுங்கள். மாதக்கணக்கில் வைப்பதென்றால் டேங்கையும் காபரேட்டரையும் வடித்துவிட்டு வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முதல் மட்டமான இடத்தில் வைத்து ஒயிலைப் பாருங்கள். குறைந்தாலும் பிழை, கூடினாலும் பிழை. பெற்றோல் மணத்தால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்.

புது பம்ப் என்றால் முதல் 20 மணித்தியாலத்தில் ஒயில் மாற்றுங்கள். பிறகு 100 மணித்தியாலத்துக்கு அல்லது 6 மாதத்துக்கு ஒரு தரம்.

பெற்றோல் கலந்த ஒயிலை வடிக்கும்போது அடுப்பு, சிகரட் எதுவும் கிட்ட இருக்கக்கூடாது. வடித்ததைக் கிணற்றுப் பக்கம் ஊற்றாதீர்கள். நமது மணலில் ஊற்றுவது நமது கிணற்றுக்குத்தான் போகும். போத்தலில் அடைத்துக் கராஜில் கொடுத்துவிடுங்கள்.

இரவல் கொடுத்த சாமான் பழுதாகி வந்தால், கேள்வி கேட்பதற்கு முதல் மூடியைத் திறந்து பாருங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே பம்பால்தான் ராத்தா வீட்டுக் கிணறு இறைத்தோம். மூன்று பேரும் சேர்ந்து.