விண்கப்பலும் குட்டியானையும்

பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். நட்பு, காதல், அரியர் மூன்றையும் வழக்கம்போல மற்ற நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற தைரியத்தில் நான் வீடியோ கேம் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டேன். அதுவும் சுடுகிற கேம் இல்லை, விண்வெளியில் சரக்கு ஏற்றி இறக்குகிற கேம்! "இதுக்கு எதுக்குடா கேமு, காங்கயம் ரோட்டுல போய் நின்னாப் போதுமே" என்கிறாயா நண்பா? நானும் அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்த வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி 'எலைட்'. 1984-ல் டேவிட் பிராபென், இயான் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதியது. ஆம், நம்மைப் போல மாணவர்கள்தான். அவர்களிடம் இருந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரின் நினைவகம் வெறும் 32 கேபி. நம் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது. அதற்குள் 8 மண்டலங்கள், மண்டலத்துக்கு 256 உலகங்கள் என்று வைத்தார்கள். எப்படி? எதையும் சேமித்து வைக்கவில்லை. சில எண்களை விதையாகப் போட்டு, தேவைப்படும் நேரத்தில் கணக்குப் போட்டே உலகத்தையும் அதன் பெயரையும் முளைக்க வைத்தார்கள். ஆட்டக்காரன் கையில் 100 கிரெடிட், ஒரு கப்பல், அவ்வளவுதான். ஓரிடத்தில் மலிவாக வாங்கி இன்னோரிடத்தில் விற்றுப் பிழைத்துக்கொள்ள வேண்டும். சரக்குப் பட்டியலில் முதலாவது உணவு. இரண்டாவது என்ன தெரியுமா? துணி! ஆனால் கம்ப்யூட்டர் டன் எண்பது கிரெடிட்டுக்கு மேல் போகும்போது துணி ஆறேழு கிரெடிட்தான். விண்வெளிக்கே போனாலும் நம்ம சரக்குக்கு அதுதான் ரேட் போலிருக்கிறது.

எலைட்டில் 'இந்த வேலையை முடித்துக் கொடு' என்று யாராவது கேட்பது ஒன்றிரண்டு தடவைதான். பின்னால் வந்த கேம்களில்தான் வேலைப் பலகை வந்தது. இந்தச் சரக்கை, இந்தக் கிரகத்துக்கு, இத்தனை நாளுக்குள் கொண்டுபோனால் இவ்வளவு பணம். நான் விளையாடுவது 2015-ல் வெளிவந்த 'எண்ட்லெஸ் ஸ்கை'. காசு வேண்டாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். இதில் நம்மவர்களுக்குப் பிடிக்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. வேலைகள் எல்லாம் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதப்பட்டிருக்கின்றன. நோட்பேடில் திறந்து நாமே புது வேலை எழுதிச் சேர்க்கலாம். முதல் வரி 'மிஷன்'. பலகையில் வரவேண்டிய வேலை என்றால் அடுத்த வரியில் ஒரே ஒரு சொல் போதும்: 'ஜாப்'. அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஜாப் என்பது நம்ம ஊரில் இங்கிலீஷ் வார்த்தையா என்ன? எங்கள் நல்லூரில் பாட்டிகள்கூட "ஜாப் ஒர்க் வந்துச்சா கண்ணு?" என்றுதானே விசாரிக்கிறார்கள்!

எங்கப்பா குட்டியானை ஓட்டுகிறார். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். அப்பாவின் ஒரு வாரத்தைச் சொன்னால் திருப்பூரின் மொத்தக் கதையும் வந்துவிடும். நிட்டிங்கில் கிரே துணி ஏற்றி வீரபாண்டிப் பக்கம் சாயப்பட்டறையில் இறக்குவார். அங்கிருந்து காம்பேக்டிங், பிறகு கட்டிங். வெட்டிய பீஸ்களைக் கட்டுக் கட்டாக முதலிபாளையம் பக்கம் தையல் ஜாப் ஒர்க்குக்குக் கொண்டுபோவார். தைத்து வந்தது செக்கிங், அயனிங், பேக்கிங். அதற்குப் பிறகு பெட்டிகள் பெரிய லாரியில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும். அது அப்பாவின் எல்லைக்கு வெளியே.

ஒரு துணி பனியனாவதற்குள் எத்தனை கை, எத்தனை வண்டி! ஒரு வேலை அடுத்த வேலையைப் பெற்றெடுக்கிறது. சாயம் இரண்டு நாள் தாமதமானால் கட்டிங் மேஜை சும்மா கிடக்கும், தையல்காரர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் குறையும். விண்வெளி கேம்களில் பெரும்பாலும் இது இல்லை. சரக்கை இறக்கினேன், காசு வாங்கினேன், முடிந்தது. நான் கொண்டுபோன துணியை அந்தக் கிரகத்தில் யார் தைத்தார்கள், யாருக்காவது வேலை கிடைத்ததா, ஒன்றும் தெரியாது. நான் கொண்டுபோகாவிட்டாலும் அங்கே யாரும் பட்டினி கிடப்பதில்லை. சீக்கிரம் அலுத்துப்போவதற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி. கிராபிக்ஸ் எவ்வளவு பளபளப்பாக இருந்து என்ன?

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யல் கெட்டது அத்தனை பேருக்கும் தெரியும், அந்த வழக்கைக் குறை சொல்ல நான் வரவில்லை. அப்போது அப்பா பட்டறைத் தொழிலாளி. வேலை போயிற்று. ஆனால் துணிக்குச் சாயம் வேண்டுமே, அது வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் போக ஆரம்பித்தது. பட்டறையில் வேலை இல்லை, வண்டிக்கு வேலை இருந்தது. அப்படித்தான் அப்பா டிரைவர் ஆனார். ஒரு கிரகத்தில் ஒரு கதவு மூடினால் எல்லாக் கிரகத்துப் பலகையும் மாற வேண்டும் என்பது என் முதல் யோசனை. கிட்டத்து லோடு மறைய வேண்டும், தூரத்து லோடு முளைக்க வேண்டும், வாடகை ஏற வேண்டும். எண்ட்லெஸ் ஸ்கையில் 'ஈவென்ட்' என்று எழுதி உலகத்தை மாற்ற வழி இருக்கிறது. அதைப் பெரிய யுத்தத்துக்கு மட்டும்தானா பயன்படுத்த வேண்டும்? ஒரு சாயப்பட்டறைக்கும் பயன்படுத்தலாமே.

அடுத்தது காத்திருப்பு. கேமில் கப்பல் இறங்கிய நொடியே சரக்கும் இறங்கிவிடும். அப்பாவுக்கோ, "இன்னொரு பேட்ச் ஸ்டெண்டர்ல ஓடுதுங்கண்ணா, டீ குடிச்சுட்டு வாங்க" என்பார்கள். மூன்று மணி நேரம் போய்விடும். அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

பணம் கைக்கு வருவது அதைவிடப் பெரிய விளையாட்டு. ஒருமுறை ஒரு கம்பெனியில் ஒரு ரோல் குறைகிறது என்று சொல்லி அப்பாவின் வாடகையில் 2,800 ரூபாய் பிடித்துவிட்டார்கள். டி.சி.யில் 42 ரோல், இறக்கிய இடத்தில் கையெழுத்தும் 42-க்குத்தான். நான்தான் படித்துக் காட்டினேன். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அப்பா இரண்டு தடவை போய் வந்தார். "பாக்கறோம்ணா" என்றார்கள். மூன்றாம் தடவை அவர் போகவில்லை, அடுத்த லோடு வேண்டுமே! 2003-ல் ஐஸ்லாந்துக்காரர்கள் வெளியிட்ட 'ஈவ் ஆன்லைன்' கேமில் ஆட்டக்காரர்களே ஒருவருக்கொருவர் சரக்குக் காண்ட்ராக்ட் போட்டுக்கொள்ளலாம். சுமப்பவன் முன்பணமாக ஒரு ஈட்டுத்தொகை கட்ட வேண்டும், சரக்கு போய்ச் சேராவிட்டால் அது போச்சு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே எண்ணுவது கம்ப்யூட்டர். 42 என்றால் 42, தகராறே கிடையாது. நான் கேட்பது தகராறுள்ள ஒரு வேலை. நியாயம் நம் பக்கம், காகிதம் நம் கையில், ஆனாலும் அடுத்த வேலை அவன் கையில்! அப்போது ஆட்டக்காரன் என்ன செய்வான் என்று பார்க்க எனக்கு ஆசை.

கூலியையும் இரண்டு விதமாகக் காட்டலாம். இன்றைக்கே என்றால் குறைவு, 30 நாள் கழித்து என்றால் அதிகம். ஈவென்டுக்குப் பக்கத்தில் 30 என்று எழுதினால் முப்பது நாள் கழித்து அது நடக்கும். அதை வைத்தே இதைச் செய்யலாம், செய்தும் பார்த்துவிட்டேன்.

செய்ய முடியாமல் நிற்பது ஒன்று. எந்த கேமிலும் பலகை எப்போதும் நிறைந்தே இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது அப்பாவின் போன் பாதி நாள் அடிக்கவே இல்லை. வண்டியைக் கழுவுவார், துடைப்பார், மறுபடி கழுவுவார். டியூ தேதி மட்டும் தவறாமல் வந்தது. என் செமஸ்டர் ஃபீஸும் அதே மாதம்தான். அம்மா சீட்டை முன்னாலேயே தள்ளி எடுத்துக் கட்டினார். காலிப் பலகையைக் கேமில் வைத்தால் யார் விளையாடுவார்கள் என்று கேட்கலாம். ஆனால் எண்ட்லெஸ் ஸ்கையில் ஆட்டம் ஆரம்பிப்பதே கடனில்தான். வங்கியில் கடன் வாங்கித்தான் முதல் கப்பல் வாங்குகிறோம். கடனை மட்டும் உண்மை மாதிரி வைத்துவிட்டு, வேலை இல்லாத நாளை வைக்காமல் விட்டால் எப்படி?

நான் எழுதியிருப்பது நான்கு வேலைகள் கொண்ட ஒரு சங்கிலி. முதலாவது முடிந்தால்தான் இரண்டாவது பலகைக்கு வரும். நிட்டிங் கிரகம், சாயக் கிரகம், தையல் கிரகம், துறைமுகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்கார வைத்து ஓட்டிக் காட்டினேன். கடன் கணக்கைப் பார்த்ததும், "அட, இங்கயும் டியூ இருக்குதா சாமி!" என்று சந்தோஷப்பட்டார். துறைமுகத்தில் இறங்கி எரிபொருள் இலவசமாக நிரம்பியதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "டீசல் ஓசியா? அப்புறம் என்ன கணக்கு இது... இறக்குக் கூலி யாருது? திரும்பி வரச்சே வண்டி காலியா?" என்று வரிசையாகக் கேட்டார். மூன்றையும் ஒரு பேப்பரில் குறித்து வைத்திருக்கிறேன்.

இறக்குக் கூலியை எழுதிவிட்டேன். காலி வண்டிக்கு இன்னும் வழி தெரியவில்லை. டெக்ஸ்டைல் பிரிவு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு பேட்ச் சாயம் ஏறிக் காய்ந்து காம்பேக்டிங் முடிய உண்மையில் எத்தனை மணி நேரம்? ஃபைலில் இப்போதைக்கு இரண்டு நாள் என்று போட்டு வைத்திருக்கிறேன். அப்பா அதைப் பார்த்து, "யாரு சொன்னது?" என்கிறார்.